உத்தரவு தெரியாத தேங்காய்

வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் பிடிக்கப் போன வினோதா, குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு அப்படியே குனிந்து நின்றுவிட்டாள்.

தேங்காய் முளைத்திருந்தது.

குழாயின் ஒழுகல் தண்ணீரில் ஊறி ஊறி, மட்டையின் மூக்கைப் பிளந்துகொண்டு வெள்ளையும் பச்சையுமாக ஒரு குருத்து எட்டிப் பார்த்தது. தினமும் தாண்டிப் போகிற இடம்தான். எப்போது முளைத்ததோ, கவனிக்கவில்லை.

இந்த வீட்டுக் கதையை வாரா வாரம் படித்து வருகிறவர்களுக்கு அந்தத் தேங்காயை நன்றாகத் தெரியும். இன்றுதான் வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வார்த்தை.

பிள்ளைச்சாவடியில் கடலைப் பார்த்த ஒரு மனை. தெய்வசிகாமணி கண்ணை மூடும்போது அதைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்காமல் போய்விட்டார். மனையின் ஒரு ஓரத்தில் மூத்தவர் உத்திராபதி வீடு, மறு ஓரத்தில் இளையவன், வினோதாவின் கணவன் முத்துவேல் வீடு. நடுவில் பொது வாசல், ஒரு தென்னை, ஒரு குழாய். முன்பக்கத்து மணலை டவுன் ஆள் ஒருவருக்கு காபி கடை போட வாடகைக்கு விடலாம் என்றார் அண்ணன். அப்புறம் வலையை எங்கே, ஆகாயத்திலா காயப்போடுவது என்று தம்பி கோர்ட்டுக்குப் போனான். கோர்ட், வழக்கு முடிகிற வரைக்கும் 'ஸ்டேட்டஸ் கோ' என்று உத்தரவு போட்டது.

அதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. முத்துவேலின் வக்கீல் குமாஸ்தா சக்கரபாணி, கோர்ட் படிக்கட்டில் நின்று, இரண்டு தரப்பும் கேட்கிற மாதிரி ஒரு விளக்கம் கொடுத்தார். "எது எப்படி இருக்கோ அது அப்படியே இருக்கணும். ஒரு துரும்பு அசையக் கூடாது. அசைஞ்சா கேஸ் போச்சு!"

கடற்கரைக்காரர்களிடம் இப்படிச் சொல்லலாமா? ஊர்ப் பஞ்சாயத்து ஒரு கட்டுப்பாடு போட்டால், இன்றைக்கு யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று சொன்னால், படகை மட்டுமா தொடாமல் இருப்பார்கள்? கரையில் கிடக்கும் கயிற்றைக்கூடத் தாண்டித்தான் நடப்பார்கள். ஒரு குடும்பத்தின் மேல் கட்டுப்பாடு என்றால் பேச்சு வார்த்தையும் அதில் சேர்த்தி. ஊர்ப் பஞ்சாயத்துக்கே இந்த மரியாதை என்றால் ஹைகோர்ட்டுக்குத் தம்பி மாதிரி நிற்கிற இந்தக் கோர்ட்டுக்கு எவ்வளவு மரியாதை கொடுக்க வேண்டும்!

ஆக, அன்றைக்கு விழுந்த தேங்காய் விழுந்தபடி கிடந்தது. முத்துவேல் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த உத்திராபதியின் லுங்கி, காய்ந்து, வெளுத்து, இப்போது காற்றில் கிழிந்து தொங்குகிறது. மீன் போடும் ஐஸ் பெட்டி ஒன்று கவிழ்ந்த வாக்கில் வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. எல்லாரும் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அன்றைக்கு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள் அல்லவா? அதுவும் இருந்தது இருந்தபடி.

இதற்கு நடுவில்தான் முத்துவேலின் மகள் கவிநிலாவுக்கு வரன் குதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம்.

குடம் நிறைந்து வழிந்தபோது இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. வீராம்பட்டினத்துச் சம்பந்தியம்மா.

"ஒண்ணுமில்ல சம்பந்தி. தட்டு மாத்தறப்ப உங்க பக்கத்துல யாரு கை நீட்டுவாங்கன்னு எங்க வீட்டுல கேக்கறாங்க. பொண்ணோட பெரியப்பாதான?"

வினோதா எதிர் வீட்டைப் பார்த்தாள். உத்திராபதி தலைகுனிந்து ஏதோ கயிற்றைத் திரித்துக்கொண்டிருந்தார்.

"அவுருதான் சம்பந்தி. வேற யாரு?"

"அதான பார்த்தேன். பெரியவங்க இருக்கறப்ப சின்னவங்க கை நீட்டினா அந்தக் குடும்பத்துல என்னமோ இருக்குதுன்னு எங்க ஊருல பேசுவாங்க. பேச்சு வேணாம் பாரு."

வினோதா போனை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள். சம்பந்தியம்மா கெட்டவள் இல்லை. ஆனால் பேச்சு வேண்டாம் என்று சொல்கிறவர்கள்தான் பேச்சு வந்தால் முதலில் எழுந்து போகிறவர்கள்.

உள்ளே முத்துவேல் கடலிலிருந்து வந்து கஞ்சி குடித்துவிட்டு, கால் கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"உங்க அண்ணனைக் கூப்புடுங்க" என்றாள் வினோதா.

"இன்னா விளையாடறியா? கேஸ் இருக்குது."

"கேஸ் மனைக்குத்தான?"

"ஸ்டேட்டஸ் கோ போட்டிருக்குது. அதுக்கு இன்னா அர்த்தம்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

முத்துவேல் ஊசியை இழுத்தான். முடிச்சுப் போட்டான். பல்லால் நூலைக் கடித்தான். எல்லாம் முடிந்த பிறகு, "சக்கரபாணி சாருக்குத் தெரியும்" என்றான்.

அடுப்படியிலிருந்து கவிநிலா எட்டிப் பார்த்தாள். "பெரியப்பா இல்லாம தட்டு மாத்தறதுன்னா எனக்கு இந்த நிச்சயமே வேணாம்மா" என்று சொல்லிவிட்டு, பதில் வருவதற்குள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

முத்துவேல் அடுத்த கிழிசலைத் தேடி வலையை இழுத்தான்.

*

கடலூர் சாலையில் கோர்ட்டுக்கு எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் வினோதா டைப் அடிக்கிறாள். ப்ளஸ் டூ, டைப்ரைட்டிங் லோயர், ஹையர். இங்கிலீஷ் அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். அர்த்தம் பாதி தெரியும், மீதியை விரல் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் அவளுக்கு ஒரு குணம் உண்டு. புரியாததைப் புரியாமல் விட்டுவிட மனசு வராது. வக்கீல்கள் கொடுக்கும் காகிதங்களில் நீள நீளமான வாக்கியங்களுக்கு நடுவே குட்டிக் குட்டியாகச் சில வார்த்தைகள் வரும். அவற்றை மட்டும் சாய்த்து அடிக்கச் சொல்வார்கள். மற்ற வார்த்தைகள் எல்லாம் நேராக நிற்க, இவை மட்டும் காற்றில் சாய்ந்த சவுக்குக் கன்றைப் போல நிற்கும். ஏன் சாய்க்க வேண்டும்? இத்தனை வருஷத்தில் அவள் யாரையும் கேட்டதில்லை. கேட்டால், இதுகூடத் தெரியாமலா டைப் அடிக்கிறாய் என்று சொல்லிவிடுவார்களோ என்று ஒரு கூச்சம்.

இன்றைக்குக் கூச்சத்தைப் பார்த்தால் கவிநிலாவின் கல்யாணம் என்ன ஆவது?

பதினோரு மணி வாக்கில் பூர்ணிமா வந்தாள். சின்ன வயசு வக்கீல். உழவர்கரைப் பக்கம் விவசாயக் குடும்பம். அந்த வீட்டில் கறுப்பு கோட்டுப் போட்ட முதல் ஆள். வேறு வக்கீல்கள் காகிதத்தை நீட்டுவார்கள், இவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் வினோதா.

"அக்கா, மேடம்னு சொன்னா பதில் வராது."

"சரி பூர்ணிமா. இந்தச் சின்ன வார்த்தைங்களை மட்டும் ஏன் சாய்ச்சு அடிக்கச் சொல்றீங்க?"

பூர்ணிமா திரையைப் பார்த்தாள். 'இன்டர் ஆலியா' என்று ஒன்று சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

"அதெல்லாம் இங்கிலீஷ் இல்லக்கா. லத்தீன். வெளியூர்லேர்ந்து வந்து தங்கினவங்க. ஊரோட இன்னும் கலக்கல, அதனால சாஞ்சு நிக்கறாங்க. கலந்துட்டா நேரா நிமித்திடுவாங்க."

"அப்படிக் கலந்தவங்க யாராச்சும் உண்டா?"

"எட்செட்ரா. ஏ.எம்., பி.எம். எல்லாம் லத்தீன்தான்."

வினோதா வாயைப் பொத்திக்கொண்டாள். தினமும் அஞ்சு ஏ.எம்.முக்கு அலாரம் வைத்துக்கொண்டு, தான் லத்தீனில்தான் எழுந்திருக்கிறோம் என்பது அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

"ஸ்கூல்ல பஸ் பாஸுக்கு வாங்குவோமே, போனஃபைடு? அதுவும்தான்" என்றாள் பூர்ணிமா. "நல்ல நம்பிக்கையோடன்னு அர்த்தம். நம்மூருல அது சர்டிபிகேட்டா ஆயிடுச்சு."

"என் பொண்ணுக்கு வருஷா வருஷம் வரிசையில நின்னு வாங்கியிருக்கேன். நல்ல நம்பிக்கையைத்தான் வாங்கிட்டு வந்தேன்னு யாரும் சொல்லலியே! அப்ப இந்த ஐ.இ.?"

"அதாவது."

"இ.ஜி.?"

"உதாரணத்துக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான்னு நினைச்சு சில நேரம் அதுக்கு இது அடிச்சிருக்கேனே."

"எங்க சீனியரே அப்படித்தான் அடிக்கச் சொல்லுவாரு. பயப்படாதீங்க."

"வி, ஐ, இசட்டுன்னு ஒண்ணு வருமே, புள்ளி வெச்சு?"

"அதை விஸ்ஸுன்னு படிக்கக் கூடாது. நேம்லின்னு படிக்கணும்னு சொல்லிக்கொடுத்தாங்க. ஆனா அந்த இசட்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு..." பூர்ணிமா தயங்கினாள். "எனக்குத் தெரியாதுக்கா. இருங்க."

போனை எடுத்துத் தேடினாள். இரண்டு பேரும் தலையை ஒட்டிக்கொண்டு படித்தார்கள். பழைய காலத்தில் கையால் எழுதியவர்கள் ஒரு வார்த்தையைச் சுருக்கும்போது கடைசியில் ஒரு சுழி போடுவார்களாம். அந்தச் சுழி அச்சுக்கு வந்தபோது, பார்க்க இசட் மாதிரி இருந்ததால் இசட்டாகவே உட்கார்ந்துவிட்டதாம்.

"நம்ம பழைய பத்திரத்துல 'மேற்படி'க்கு ஒரு சுழி வரும்" என்றாள் வினோதா. "அதை அடிக்கறதுக்கு மிஷின்ல எழுத்தே இருக்காது. நான் 'மேற்படி'ன்னு முழுசா அடிச்சிடுவேன்."

"பார்த்தீங்களா? எல்லா ஊர்லயும் எழுதறவன் சோம்பேறிதான். அவங்களுக்கு எட் ஆல், நமக்கு வகையறா."

வினோதாவின் விரல்கள் நின்றன. அவர்கள் மனையின் பட்டாவில் அப்படித்தான் இருக்கிறது: தெய்வசிகாமணி வகையறா. அந்த ஒரு வார்த்தைக்குள் உத்திராபதி, அவர் மனைவி பூவாயி, முத்துவேல், அவள், கவிநிலா எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். வாசலில் மட்டும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை.

"இவ்வளவு இங்கிலீஷ் இருக்கறப்ப இதை எல்லாம் எதுக்கு இரவல் வாங்கணும்?" என்று கேட்டாள்.

"ஒரு வரி எழுத வேண்டிய இடத்துல ரெண்டு வார்த்தையில முடிஞ்சிடும். அது ஒண்ணு. கொஞ்சம் பந்தாவும்தான். கட்சிக்காரருக்குப் புரியலன்னா நம்மளைப் பெரிய வக்கீலுன்னு நினைச்சுப்பாரு." பூர்ணிமா சிரித்தாள். "என்னைக் கேட்டா, புரியற இங்கிலீஷ் இருக்கற இடத்துல அதையே போடணும். ஆனா என்னை யாரு கேக்கறா? கோர்ட்டுல நானே இன்னும் சாஞ்சுதான் நிக்கறேன்."

வினோதா ஒரு மூச்சு இழுத்துவிட்டுக் கேட்டாள். "ஸ்டேட்டஸ் கோ?"

"இருக்கற நிலைமை இருக்கற மாதிரியே."

சக்கரபாணி சொன்னது சரிதான் போலிருக்கிறது.

"ஒரு துரும்புகூட அசையக் கூடாதா?"

"எந்தத் துரும்புக்கா?"

போனில் இருந்த உத்தரவின் படத்தை வினோதா காட்டினாள். காட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஐஸ் பெட்டி, லுங்கி, தேங்காய். பூர்ணிமா உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. தேங்காய் முளைத்ததைக் கேட்டதும் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள்.

"அந்தத் தேங்காய்க்கு மட்டும் யாரும் உத்தரவு நகல் கொடுக்கலையா?"

வினோதா சிரிக்கவில்லை. "பேசலாமா?" என்று கேட்டாள்.

"யாரோட?"

"அண்ணனும் தம்பியும். ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்கு ஒருத்தர் வரலாமா? என் பொண்ணு நிச்சயத்துக்கு அவ பெரியப்பா கை நீட்டித் தட்டு வாங்கலாமா?"

பூர்ணிமாவின் சிரிப்பு நின்றது. உத்தரவை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை மெதுவாகப் படித்தாள்.

"அக்கா, இது மனைக்கு மட்டும். புதுசா எதையும் கட்டக் கூடாது, வேற ஆளுக்கு விடக் கூடாது, இருக்கறவங்களை வெளியேத்தக் கூடாது. பேசறதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எந்தக் கோர்ட்டும் அப்படிப் போடாது. நான் உங்க வக்கீல் இல்ல, உங்க வக்கீல் கிட்டயும் ஒரு தரம் கேட்டுக்குங்க. ஆனா அவரும் இதையேதான் சொல்லுவாரு."

"தேங்காய்?"

"எடுத்துத் துவையல் அரைச்சிருக்கலாம்."

அதற்கப்புறம் அடித்த காகிதத்தில் வினோதா எத்தனை பிழை விட்டாள் என்று கடை முதலாளிக்குத்தான் தெரியும்.

*

பஸ்ஸை விட்டு இறங்கியவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. கவிழ்ந்து கிடந்த ஐஸ் பெட்டியைச் சுற்றாமல், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே ஏறி இறங்கி, நேராக உத்திராபதி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த பூவாயி பதறிப்போனாள். கையை ஆட்டி, போ போ என்று ஜாடை காட்டினாள்.

"வாயாலயே சொல்லுங்கக்கா. தடை ஒண்ணும் இல்ல."

"ஏண்டி வினோதா, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? யாராச்சும் பார்த்து கோர்ட்டுல சொல்லிட்டா?"

பேசிவிட்டோமே என்று பூவாயி வாயைப் பொத்திக்கொண்டாள். இருவரும் பேசி இத்தனை மாதம் ஆகிறது என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் கட்டிக்கொண்டது. ஒரே அடுப்பில் குழம்பு வைத்தவர்கள். ஒருத்தி பிரசவத்துக்கு ஒருத்தி இடுப்பைப் பிடித்தவர்கள்.

உள்ளேயிருந்து உத்திராபதி வந்தார். வினோதா மூச்சு விடாமல் சொன்னாள். ஸ்டேட்டஸ் கோ என்பது லத்தீன். அது மனைக்கு மட்டும். மனுஷருக்கு இல்லை. பேசலாம், வரலாம், தட்டு வாங்கலாம். வக்கீலம்மாவே படித்துப் பார்த்துச் சொன்னாள்.

உத்திராபதி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"தெரியும்மா" என்றார்.

"எது தெரியும்?"

"அந்த வார்த்தை. கடலை விட்டுட்டுக் கொஞ்ச காலம் டவுனுல துய்மா வீதியில கார் ஓட்டினேன், ஞாபகம் இருக்குதா? பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கற சொல்தா வீடு. முசியேவும் மதாமும், அதான் ஐயாவும் அம்மாவும், தினம் சண்டை போடுவாங்க. நாய் யாரு கட்டில்ல படுக்கறதுன்னு சண்டை. ஜன்னலைத் தொறக்கறதா மூடறதான்னு சண்டை. சமையக்காரம்மா சாப்பாடு ரெடின்னு சொன்னதும் முசியே கையைத் தூக்கி 'ஸ்தாத்யு கோ'ன்னுவாரு. மதாமும் 'ஸ்தாத்யு கோ'ன்னுடும். அவ்ளோதான். ஒண்ணா உக்காந்து சாப்புடுவாங்க. ஒருத்தர் தட்டுல ஒருத்தர் எடுத்து வெப்பாங்க. சாப்ட்டு எழுந்து கை கழுவினப்புறம், விட்ட இடத்துலேர்ந்து திரும்பச் சண்டை."

பூவாயி கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இது புதுச் செய்தி.

"சண்டை இருக்கற இடத்துல இருக்கட்டும், வா சாப்பிடலாம்னு அர்த்தம். கோர்ட் படிக்கட்டுல அந்த குமாஸ்தா சொன்னப்பவே எனக்குத் தெரியும்."

வினோதாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. புருஷனின் அண்ணன் எதிரில் அவள் குரலை உயர்த்தியதே இல்லை. இன்று உயர்ந்தது.

"தெரிஞ்சுமா மாமா சும்மா இருந்தீங்க? உங்க லுங்கி கிழிஞ்சு தொங்குதே, தெரிஞ்சுமா பார்த்துக்கிட்டு இருந்தீங்க? கவிநிலா உங்க தோள் மேல உக்காந்து கடல் பார்த்த பொண்ணு. அது வாசல்ல வந்து நின்னா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனீங்களே, தெரிஞ்சேவா?"

உத்திராபதி வாசற்படியில் உட்கார்ந்தார்.

"உன் புருஷன் என்னைக் கோர்ட்டுக்கு இழுத்தான். வலிச்சுது. அவனுக்கும் என் மூஞ்சியில முழிக்க வெக்கம். அந்த வெக்கத்தை மறைச்சுக்க அவனுக்கு ரெண்டு வார்த்தை கெடைச்சுது, கெட்டியாப் புடிச்சுக்கிட்டான். அதைப் புடுங்கிடணும்னு எனக்குத் தோணலை. பொய் சொல்லக் கூடாது, எனக்கும் அது வசதியா இருந்துச்சு. ஏன் தம்பிகிட்ட பேசலைன்னு ஊருல யாரும் கேக்கல பாரு."

"இப்ப நான் கேக்கறேன் மாமா. ஞாயித்துக்கிழமை வருவீங்களா?"

"வரேன். வெத்தலை பாக்கு வேணாம், வீடு தேடி வந்து அழைக்க வேணாம். அவன் நின்ன எடத்துலேர்ந்து 'அண்ணே'ன்னு ஒரு வார்த்தை கூப்புடட்டும். அது போதும்."

"கூப்புடலைன்னா?"

அவர் கொடியில் தொங்கிய லுங்கியைப் பார்த்தார். "அப்ப நானும் நின்ன எடத்துலயே நிப்பேன்" என்றார்.

வினோதா திரும்பி நடந்தாள். இரண்டு ஆம்பிளைகளின் வீம்புக்கு நடுவில் தன் பெண்ணின் ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொண்டு தவிக்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். குழாயடியைத் தாண்டும்போது அந்தக் குருத்து கண்ணில் பட்டது. என்ன நினைத்தாளோ, குனிந்து இரண்டு கையாலும் தேங்காயைப் பிடித்து இழுத்தாள். லேசில் வரவில்லை. அடியில் வேர் விட்டு மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். ஈர மண்ணோடு கையில் வந்தது.

அதே நேரத்தில் முத்துவேல் தெருவிலிருந்து வாசலுக்குள் நுழைந்தான்.

வெறும் பள்ளத்தைப் பார்த்தான். வினோதா தேங்காயை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள். குருத்து மறையவில்லை.

"யாரு எடுத்தது?" அவன் முகம் வெளிறிவிட்டது. "ஒரு துரும்பு அசையக் கூடாதுன்னு சொல்லியிருக்குது இல்ல? யாரு கை வெச்சது?"

வினோதா வாயைத் திறப்பதற்குள் எதிர் வாசலிலிருந்து குரல் வந்தது.

"நான்தான் எடுத்தேன்."

உத்திராபதி. தம்பியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

வழக்குக்குப் பிறகு தம்பியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. அதுவும் பொய். பழியை எடுத்துக்கொள்ள அவருக்கு யாரும் அண்ணே என்று கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

முத்துவேல் அண்ணனைப் பார்த்தான். மனைவியின் கையில் ஒட்டியிருந்த ஈர மண்ணைப் பார்த்தான். மறுபடி அண்ணனைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"இன்னா செய்யறீங்க?" என்றாள் வினோதா.

"சக்கரபாணி சாருகிட்ட சொல்லணும்."

கடல் காற்றில் காது கேட்காது என்று அவன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவான். மணி அடிப்பது இரண்டு வீட்டுக்கும் கேட்டது. அடுப்படியிலிருந்து கவிநிலா கரண்டியோடு வந்து நின்றாள். பூவாயி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க முத்துவேல்" என்றார் சக்கரபாணி.

முத்துவேல் வாயைத் திறந்தான். மூடினான். குருத்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஹலோ? முத்துவேல்?"

"சார்... ஒரு சந்தேகம். இந்த ஸ்டேட்டஸ் கோ, ஞாயித்துக்கிழமைக்கும் உண்டா சார்?"

"ஞாயித்துக்கிழமை கோர்ட்டே கிடையாதேப்பா. ஏன்?"

"அப்ப சரி சார்" என்று சொல்லி, குமாஸ்தா அடுத்த கேள்வி கேட்பதற்குள் முத்துவேல் போனை அணைத்துவிட்டான்.

முதலில் சிரித்தது பூவாயிதான். தலைப்புக்குள்ளேயே சிரித்தாள். கவிநிலா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அம்மாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

உத்திராபதி உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் மம்முட்டி இருந்தது. வாசலின் நடுவில், தென்னைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மருமகள் மாதிரி தலைகுனிந்து நின்ற தம்பியை அவர் பார்க்கவில்லை. மணலைப் பார்த்துக் கேட்டார்.

"முளைச்சது முளைச்சிடுச்சு. வெளியில போட மனசு வராது. எங்க நடறது?"

சிரிப்பு அடங்கிவிட்டது.

எங்கே நடுவது? அந்தப் பக்கம் நட்டால் அது அண்ணன் மரம். இந்தப் பக்கம் நட்டால் தம்பி மரம். முன்பக்கத்து மணலில் நட்டால் காபி கடையும் இல்லை, வலை காயப்போடும் இடமும் இல்லை. மொத்த வழக்கும் அந்த இரண்டு வார்த்தைக்குள் இருந்தது. இதற்கு லத்தீனில் பதில் கிடையாது. பூர்ணிமாவைக் கேட்டும் பிரயோஜனம் இல்லை. வினோதாவின் கையிலிருந்த தேங்காய் திடீரென்று கனத்தது.

முத்துவேல் தென்னையைப் பார்த்தான். முன்பக்கத்து மணலைப் பார்த்தான். அதற்கு அப்பால் இருட்டத் தொடங்கியிருந்த கடலைப் பார்த்தான். கடைசியில், வேறு எங்கேயும் பார்க்க இடமில்லாமல், அண்ணனைப் பார்த்தான்.

"அண்ணே..." என்றான்.

உத்திராபதி மம்முட்டியை மணலில் ஊன்றிக்கொண்டார்.

"சொல்லுடா" என்றார்.